கூகுளில் கிடைப்பதெல்லாம் ஆதாரமா? ஆய்வு மாணவர்களுக்கு ‘நதிமூலம்’ தேட ஒரு வழிகாட்டி!

‘நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இது நேரெதிர். அவர்கள் நதிமூலம் பார்த்தே ஆக வேண்டும். இந்தத் தகவலை முதலில் சொன்னது யார்? அவருக்கு அது எப்படித் தெரியும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் எழுதிய ஆய்வேடு, வைவாவில் ஒரே ஒரு குறுக்குக் கேள்விக்கே ஆட்டம் கண்டுவிடும்.

கல்லூரி புராஜெக்ட்டில் தொடங்கி பிஹெச்.டி வரை இன்று எல்லோருடைய தேடலும் செல்போனில்தான் ஆரம்பிக்கிறது. அதில் தவறு எதுவும் இல்லை. ஒரு காலத்தில் சென்னைக்கு ரயிலேறிப் போய்த் தேட வேண்டியிருந்த நூல்களும் ஆவணங்களும் இன்று திருநெல்வேலியில் உட்கார்ந்தபடியே கிடைக்கின்றன. ஆனால், நல்லதும் கெட்டதும் ஒரே திரையில், ஒரே எழுத்துருவில், ஒரே மாதிரி மிடுக்காக வந்து நிற்பதுதான் சிக்கல். எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு தேதியின் பயணம்

உதாரணத்துக்கு, முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் கீழடி பற்றிக் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கீழடி எவ்வளவு பழைமையானது?’ என்று தேடுகிறார். யூடியூப் வீடியோக்கள், செய்திகள், முகநூல் பதிவுகள் என வரிசைகட்டி வருகின்றன. ஒன்று 2,000 ஆண்டு என்கிறது, இன்னொன்று 2,600 என்கிறது. வேறொன்று உற்சாகமாகி அதையும் தாண்டிப் போய்விடுகிறது. எதை எழுதுவது?

பலரும் செய்வது, அதிகமான தளங்களில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்யக் கூடாது. 100 தளங்களில் ஒரே வரி இருந்தால், 100 பேர் ஆராய்ந்து சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் எழுதியதை 99 பேர் நகலெடுத்தும் இருக்கலாம்.

அந்த மாணவி செய்ய வேண்டியது, 2,600 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பது. செய்திகள் 2019 செப்டம்பரைக் காட்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை அப்போது வெளியிட்ட கீழடி அறிக்கையைத்தான் அந்தச் செய்திகள் மேற்கோள் காட்டுகின்றன. அறிக்கையைத் திறந்தால் விவரம் கிடைத்துவிடுகிறது. நான்காம் கட்ட அகழாய்வில் எடுக்கப்பட்ட 6 கரிம மாதிரிகள், அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 என்று முடிவு வந்தது. 2019-லிருந்து கணக்குப் போட்டால் சுமார் 2,600 ஆண்டுகள்!

இப்போது மாணவி எழுதப்போகும் வாக்கியமே மாறிவிடும். ‘கீழடி 2,600 ஆண்டுகள் பழைமையானது’ என்று பொத்தாம்பொதுவாக எழுத மாட்டார். எந்த ஆழத்தில், எந்த மாதிரிக்கு, எந்த ஆய்வகம், என்ன காலம் சொன்னது என்று எழுதுவார். ஒரு மாதிரியின் காலத்தை அந்த இடம் முழுவதற்கும் எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்ற அடுத்த கேள்வியும் அவருக்கே எழும். ஆய்வு தொடங்குவது அங்கேதான்.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் கீழடியின் பெயரைச் சிலர் ‘எல்’ போட்டும், சிலர் ‘இசட், ஹெச்’ போட்டும் எழுதுகிறார்கள். ஒரு விதமாக மட்டும் தேடினால் பாதி கட்டுரைகள் கண்ணிலேயே படாது. தமிழ் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதைத் தேடினாலும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பது நல்லது.

மூன்று படிகள்

ஆய்வு உலகில் ஆதாரங்களை மூன்று படிகளாகப் பிரிப்பார்கள்.

முதல்நிலை ஆதாரம்: அகழாய்வு அறிக்கை, கல்வெட்டு, மூல நூல், அரசாணை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நேரடிப் பேட்டி, ஆய்வகச் சோதனை முடிவு போன்றவை.

இரண்டாம்நிலை ஆதாரம்: முதல்நிலை ஆதாரத்தைப் படித்து அலசி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் நூல்களும்.

மூன்றாம்நிலை ஆதாரம்: இவற்றைத் தொகுத்துச் சொல்லும் கலைக்களஞ்சியம், பாடநூல், விக்கிப்பீடியா போன்றவை.

மூன்றாம் படியில் ஏறித் தேடலைத் தொடங்கலாம், அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில பேராசிரியர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். தொடலாம். ஆனால், எடுக்க வேண்டியது பக்கத்தின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை. அங்கிருந்து மூல அறிக்கைக்கோ, நூலுக்கோ போய், அதைப் படித்து, அதையே சான்றாகக் காட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? தென் அமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்கின் கதையைக் கேளுங்கள். 2008-ல் அமெரிக்க மாணவர் ஒருவர், அதற்கு ‘பிரேசிலியன் ஆர்ட்வார்க்’ என்றும் ஒரு பெயர் உண்டு என்று விக்கிப்பீடியாவில் விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். அப்படி ஒரு பெயரே அதற்கு இல்லை. ஆனால், பிரிட்டன் பத்திரிகைகள் அந்தப் பெயரைப் பயன்படுத்தின. பிறகு, அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்குச் சான்றாக வந்து சேர்ந்தது! பொய் தனக்குத் தானே சாட்சி தேடிக்கொண்ட இந்த விவகாரம், 2014-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நமக்குக் கிடைக்கும் ‘சான்று’ இப்படி வட்டமடித்து வந்ததா என்று பார்க்கத்தான் நதிமூலம் தேவைப்படுகிறது.

எங்கே தேடலாம்?

சாதாரண கூகுள் தேடலுக்குப் பதில் ‘கூகுள் ஸ்காலர்’ பக்கம் போகலாம். 2004-ல் தொடங்கப்பட்ட இது, ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், கல்விசார் நூல்களை மட்டும் தேடித் தரும். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண் கீழே இருக்கும். அதைச் சொடுக்கினால், அந்தக் கட்டுரைக்குப் பிறகு அதே விஷயத்தில் வந்த ஆய்வுகள் வரிசையாக வரும். பழைய கட்டுரை ஒன்றிலிருந்து புதிய ஆய்வுகளுக்குப் போக இதைவிட எளிய வழி இல்லை. ஆனால், ஒரு எச்சரிக்கை. கூகுள் ஸ்காலரில் வருவதாலேயே ஒரு கட்டுரை தரமானது ஆகிவிடாது. அது தேடும் இயந்திரம்தானே தவிர, தரச்சான்று தரும் வாரியம் அல்ல.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி ஆய்வேடுகளைப் பார்க்க ‘சோத்கங்கா’ இருக்கிறது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எடுக்க நினைக்கும் தலைப்பில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்துவிட்டார்களா என்பதை முதல் நாளே இங்கே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்யப்பட்டவை அல்லது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. உள்ளடக்கத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் அவை சிக்காது. தலைப்பு, நெறியாளர், துறை வாரியாகவும் தேடிப் பார்க்க வேண்டும்.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும் பெரிய வரம். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய இதழ்களையும் அரிய பதிப்புகளையும் தேடுபவர்களுக்கு முக்கியமான இடம். சங்கப் பாடலை மேற்கோள் காட்டும்போது இணையத்தில் கிடைத்த வரியை அப்படியே ஒட்டாமல், எந்தப் பதிப்பு, எந்தப் பதிப்பாசிரியர், என்ன பாட வேறுபாடு என்று பார்க்க வேண்டும். உ.வே.சா 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பதிப்பின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘இணையத்தில் எடுத்தது’ என்று எழுதுவது நியாயமா?

‘நல்ல கட்டுரைகள் எல்லாம் காசு கொடுத்தால்தானே திறக்கின்றன?’ என்பது மாணவர்களின் நியாயமான புலம்பல். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் இதன் மூலம் படிக்கலாம். உங்கள் கல்லூரிக்கு இந்த வசதி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால், கட்டுரை ஆசிரியருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிப்பதில் ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சிதான். பலரும் பிரதியை அனுப்பிவைப்பார்கள்.

தளத்தை நம்பலாமா? வெளியே போய் விசாரியுங்கள்!

முன்பின் தெரியாத ஒரு தளத்தை எப்படி எடைபோடுவது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் என 45 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள்.

அதில் ஒரு சோதனை, ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்களை ஒப்பிடுவது. ஒன்று 1930-ல் தொடங்கப்பட்டு, பல்லாயிரம் மருத்துவர்களை உறுப்பினர்களாகக் கொண்டது. மற்றொன்று, கொள்கை வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்தவர்கள் 2002-ல் தொடங்கிய சின்னஞ்சிறு அமைப்பு. பெரும்பாலான மாணவர்கள் இரண்டாவதையே அதிக நம்பகமானது என்றார்கள். வரலாற்று ஆய்வாளர்களிலும் பலர் தடுமாறினார்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் சரியாகச் சொன்னார்கள்.

என்ன வித்தியாசம்? மாணவர்கள் அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்து லோகோ, வடிவமைப்பு, ‘எங்களைப் பற்றி’ பக்கம் என்று மேலிருந்து கீழே படித்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, ‘இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று தேடினார்கள்.

நம் வீடுகளில் வரன் பார்க்கும் கதைதான் இது. மாப்பிள்ளை வீட்டார் தங்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் கேட்டு யாராவது பெண் கொடுப்பார்களா? அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்போம் அல்லவா, இணையதளத்துக்கும் அந்த விசாரணை தேவை.

‘நாசா சொன்னது’, ‘யுனெஸ்கோ அறிவித்தது’, ‘ஹார்வர்டு ஆய்வு நிரூபித்தது’ என்று தொடங்கும் பதிவுகளுக்கும் இதே மருந்துதான். எந்த ஆண்டு, எந்த அறிக்கை, யார் எழுதியது என்று கேட்டாலே பல பதிவுகள் அங்கேயே நின்றுவிடும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள்கள் சில நொடிகள் நின்று போவதாகவும், அதைப் பார்த்து நாசாவே வியந்ததாகவும் ஆண்டுக்கணக்கில் சுற்றும் தகவலை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வட்டப் பாதையில் செல்லும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது. அது நடுவழியில் நின்று போக இயற்பியல் இடம் தராது. கோயிலின் பெருமைக்கு நாசாவின் சான்றிதழ் தேவையும் இல்லை.

எண்களில் கூடுதல் கவனம்

சமூகவியல், பொருளியல், வணிகவியல் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் புள்ளிவிவரம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். 7,21,38,958 என்று சில தளங்கள் சொல்லும். 7,21,47,030 என்று வேறு சில தளங்கள் சொல்லும். இரண்டும் அரசு சொன்னவைதான். முதல் எண் 2011-ல் அவசரமாக வெளியிடப்பட்ட தற்காலிகக் கணக்கு, இரண்டாவது சரிபார்த்த பிறகு வந்த இறுதிக் கணக்கு. ஆய்வேட்டில் வர வேண்டியது இறுதிக் கணக்கு. எழுத்தறிவு விகிதத்திலும் இதே கதைதான். தற்காலிகக் கணக்கில் 80.33 சதவிகிதம், இறுதிக் கணக்கில் 80.09 சதவிகிதம்.

இன்னொரு பொறியும் உண்டு. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு, கொரோனாவால் அந்த ஆண்டு நடக்கவே இல்லை. ஆக, ‘2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி’ என்று ஒரு தளம் எண் கொடுத்தால், ஒன்று அது யாரோ போட்ட மதிப்பீடு அல்லது கற்பனை. அதை ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார்.

‘மூன்றே நாளில் பிரசுரம்!’

ஆதாரம் தேடும் மாணவர்களையும், கட்டுரை வெளியிடத் துடிக்கும் மாணவர்களையும் ஒருசேரக் குறிவைப்பவை போலி ஆய்விதழ்கள். ‘கட்டுரை அனுப்புங்கள், மூன்றே நாளில் பிரசுரம், சான்றிதழ் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் தூண்டில் போடுவார்கள். தரமான இதழ் எதுவாக இருந்தாலும், அந்தத் துறையின் நிபுணர்களிடம் கட்டுரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அவர்கள் படித்து, குறை சொல்லி, திருத்தி முடிக்க மாதங்கள் ஆகும். போலி இதழ்களில் அந்த வேலையே கிடையாது. பணம் வந்ததா, கட்டுரை ஏறியதா, அவ்வளவுதான்.

இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2013-ல் ‘சயின்ஸ்’ இதழ் அம்பலப்படுத்தியது. பத்திரிகையாளர் ஜான் போஹானன், வேண்டுமென்றே பெரிய பிழைகளைப் புகுத்திய ஒரு கட்டுரையைத் தயார் செய்தார். பாசியினம் சார்ந்த உயிரி ஒன்றிலிருந்து கிடைக்கும் பொருள் புற்றுநோயைத் தடுக்கும் என்பது கட்டுரையின் சாரம். கற்பனைப் பெயர்களில், இல்லாத நிறுவனங்களின் முகவரியில், கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! நிராகரித்தவை 98 மட்டுமே. வலையில் விழுந்தவற்றில் இந்தியாவைத் தளமாகக் கொண்ட இதழ்களும் கணிசம்.

2019-ல், ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில், 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆய்வாளர்களை ஏமாற்றும் விதமாக நடந்துகொண்டது என்பதே குற்றச்சாட்டு.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி, 2018 மே மாதத்தில் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. பின்னர் 2019-ல் ‘யு.ஜி.சி கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழ்களைத் தேர்வு செய்வதற்கான அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்து, பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அதனால், ‘யு.ஜி.சி கேர் அங்கீகாரம் பெற்றது’ என்று இன்றும் ஓர் இதழ் விளம்பரம் செய்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

‘பிஹெச்.டி முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமே?’ என்ற பதற்றத்தில்தான் பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால், பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம் என்பதால், உங்கள் பல்கலைக்கழக விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

போலியை அடையாளம் காணச் சில வழிகள்...

* ‘ஐ.எஸ்.எஸ்.என் எண் இருக்கிறது’ என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அது வண்டிக்கு நம்பர் பிளேட் போல ஓர் அடையாள எண் மட்டுமே. தரத்துக்கான முத்திரை அல்ல.

* ஆசிரியர் குழுவில் இருக்கும் பேராசிரியரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தன் பெயர் அந்த இதழில் இருப்பதே தெரியாத பேராசிரியர்களும் உண்டு.

* இதழ் இதுவரை வெளியிட்ட நான்கு கட்டுரைகளைப் படியுங்கள். தமிழ் இலக்கியம், இயந்திரப் பொறியியல், நர்சிங் எல்லாம் ஒரே இதழில் கலந்து கிடந்தால் உஷார்!

* ‘ஸ்கோபஸில் இருக்கிறோம்’ என்றால், ஸ்கோபஸ் தளத்துக்கே போய்ச் சரிபாருங்கள். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் இதழ்களுக்கு, 2003-ல் தொடங்கப்பட்ட ‘டோஜ்’ என்ற பட்டியல் உதவும்.

* நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் திருடி, அச்சு அசலாகப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் வந்த லிங்க்கை அப்படியே நம்பாமல், தளத்தின் முகவரியை நீங்களே தேடிப் போங்கள்.

பெரிய இதழும் சறுக்கும்

‘சரி, உலகப் புகழ்பெற்ற இதழில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாமா?’ அதுவும் கூடாது. மருத்துவ உலகின் மதிப்புமிக்க இதழான ‘தி லான்செட்’, 1998-ல் 12 குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வை வெளியிட்டது. எம்.எம்.ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது உலகெங்கும் கிளப்பியது. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010-ல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்திருப்பார்கள்!

அதே இதழில் 2020 மே 22-ம் தேதி, கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று மலைக்க வைக்கும் எண்கள். உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்து தொடர்பான தன் பரிசோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. மூலத் தரவைக் காட்டுங்கள் என்று மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள். காட்ட முடியவில்லை. ஜூன் 4-ம் தேதி, 13 நாள்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அங்கேயும் வென்றது நதிமூலம் கேட்டவர்கள்தான்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பி.டி.எஃப் பிரதிகள் இன்றும் இணையத்தில் உலவுகின்றன. அதனால், எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது வெளியான இதழின் பக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும். 2010 முதல் இயங்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தளத்திலும் தேடலாம்.

ஏ.ஐ கொடுக்கும் ‘ஆதாரம்’

இப்போதைய புது ஆபத்து இது. ‘இந்தத் தலைப்பில் பத்து ஆய்வுக் கட்டுரைகள் சொல்லு’ என்று ஏ.ஐ-யிடம் கேட்டால், ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் உட்பட அழகாகப் பட்டியல் வரும். அதில் உண்மையான கட்டுரைகளும் இருக்கலாம், உலகத்திலேயே இல்லாத கட்டுரைகளும் இருக்கலாம்! அடுத்து வரப் பொருத்தமான சொல் எது என்று கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. ஒரு மேற்கோள் எப்படி இருக்கும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டுரை நிஜமாகவே இருக்கிறதா என்பதைத் தானாகச் சரிபார்த்துத்தான் சொல்லும் என்ற உத்தரவாதம் இல்லை.

நியூயார்க்கில் 2023-ல் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி சொன்ன முன் தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்று தெரிந்ததும், நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அனுபவமுள்ள வக்கீல்களுக்கே இந்த நிலை என்றால், மாணவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சரிபார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ என்ற நிரந்தர எண் உண்டு. 10 என்று தொடங்கும். அந்த எண்ணை டி.ஓ.ஐ தளத்தில் போட்டால் நேராகக் கட்டுரையின் பக்கம் திறக்கும். திறக்கவில்லை என்றாலோ, வேறு கட்டுரை திறந்தாலோ தொடக்கூடாது. எண் இல்லாத பழைய கட்டுரை என்றால், தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம், நூலகப் பட்டியலில் பார்க்கலாம். எங்குமே அகப்படாத கட்டுரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

படிக்காததைக் காட்டாதீர்கள்

ஒருவர் தன் கட்டுரையில் காட்டிய மேற்கோளை, மூலத்தைப் பார்க்காமலே அப்படியே தூக்கி நம் பட்டியலில் வைத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். அவர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால், அந்தத் தவறும் சேர்ந்தே வரும். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் நூலில் மேற்கோள் காட்டப்பட்டது என்று நேர்மையாக எழுதிவிடலாம்.

எடுத்தவற்றுக்கு உரிய இடத்தில் பெயர் சொல்லாவிட்டால் வரும் விளைவு கடுமையானது. யு.ஜி.சி-யின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் 40 வரை ஒப்புமை இருந்தால், 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து! ஐந்தாறு வருட உழைப்பு, வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ், காத்திருந்த வேலை எல்லாம் ஒரே உத்தரவில் போய்விடும்.

ஆறு கேள்விகள் போதும்

எந்த இணைய ஆதாரத்தையும் ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு முன் இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எழுதியவர் யார்? இந்தத் துறையில் அவர் என்ன செய்திருக்கிறார்?

2. அவருக்கு இது எப்படித் தெரியும்? நேரில் ஆராய்ந்தாரா, யாரோ சொன்னதை எடுத்து எழுதினாரா?

3. எங்கே வெளியானது? வெளியிடும் முன் யாராவது சரிபார்த்தார்களா?

4. எப்போது எழுதியது? அதற்குப் பிறகு திருத்தமோ, புதிய கணக்கோ வந்திருக்கிறதா?

5. இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? பின்னணியில் விற்பனையோ, அரசியலோ இருக்கிறதா?

6. இதற்குத் தொடர்பே இல்லாத இன்னொரு ஆதாரமும் இதையே சொல்கிறதா?

இந்தக் கேள்விகளைத் தேடும்போதே கேட்பது முக்கியம். ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் ஆதாரங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால், பாதி லிங்க்குகள் திறக்காது, மீதியை எங்கே எடுத்தோம் என்று நினைவிருக்காது. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டிலோ, ‘சொட்டெரோ’ போன்ற இலவச மென்பொருளிலோ, ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம், பார்த்த தேதி ஆகியவற்றைக் குறித்துவைத்தால் அந்தக் கடைசி வாரப் பதற்றம் இருக்காது.

கல்லூரி நூலகரையும் மறக்க வேண்டாம். புத்தகம் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர் வேலை என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தரவுத்தளத்துக்குக் கல்லூரி சந்தா கட்டியிருக்கிறது, எந்த இதழ் நம்பகமானது, சோத்கங்காவில் எப்படித் தேடுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தலைப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர் முன்னால் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். இணையத்தில் ஒரு வாரம் சுற்றியும் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம்!